விரலுக்கு ஒரு வாசல், வேலைக்கு ஒரு பேரேடு

உள்ளங்கை அளவுள்ள ஒரு கண்ணாடிப் பலகை இன்று பட்டணத்து வியாபாரிக்கும் பட்டிக்காட்டு விவசாயிக்கும் ஒரே மாதிரி அவசியமான பொருளாகிவிட்டது. ரயில் டிக்கெட், பாங்குப் பணம், டாக்டரைப் பார்க்கும் நேரம், பிள்ளையின் பரீட்சை முடிவு எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் குடியேறிவிட்டன. இந்தக் காரியங்களை நமக்காகச் செய்து தரும் மென்பொருளுக்குத்தான் செயலி என்றும் 'ஆப்' என்றும் பெயர்.

ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று, மக்கள் தினமும் பார்க்கும் முகம். பொத்தான்கள், எழுத்துக்கள், படங்கள், பெட்டிகள் எல்லாம் சேர்ந்தது அது. அதை இடைமுகம் என்கிறார்கள். மற்றொன்று, மக்கள் ஒரு நாளும் பார்க்காத மூல நிரல். யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் மனிதர் எழுதிவைத்த கட்டளைகள் அவை. முகம் கோணலாக இருந்தால் உபயோகிப்பவர் திணறுகிறார். மூல நிரல் சீர்குலைந்தால் செயலியே திணறுகிறது. இரண்டையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறைகளைத் தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு மிகவும் அவசியம். செயலியை உபயோகிக்க மட்டுமே செய்கிறவர்களுக்கும் இது சுவாரசியமான விஷயமே.

கட்டை விரலின் சட்டம்

2007-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகம் செய்தார். அதில் எழுதுகோல் இல்லை; சாவிப் பலகையும் இல்லை. விரல் ஒன்றே கருவி. அடுத்த வருஷம் ஜூலை 10-ந் தேதி ஆப்பிள் கம்பெனியின் செயலிக் கடை சுமார் 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அன்று முதல் செயலி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: விரலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வேண்டிய அடிப்படை ஐபோன் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. பால் பிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1954-ல் ஓர் ஆராய்ச்சி செய்தார். இரண்டு தகடுகளை மாறி மாறித் தொடச் சொல்லி, அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். தொட வேண்டிய பொருள் தூரத்தில் இருந்தால் நேரம் கூடும். சிறியதாக இருந்தால் இன்னும் கூடும். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த உண்மையின் மேல்தான் இன்றைய திரைகள் எல்லாம் அமைகின்றன.

ஆப்பிள் கம்பெனி தன் செயலிக்காரர்களுக்குச் சொல்லும் அளவு, பொத்தான் ஒன்றுக்கு அகலத்திலும் உயரத்திலும் 44 புள்ளி. கூகிள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு விதி 48 அலகு. ஆண்ட்ராய்டின் ஓர் அலகு என்பது ஓர் அங்குலத்தில் 160-ல் ஒரு பங்கு. ஆகவே 48 அலகு என்பது ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர். படம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அதைச் சுற்றித் தொடக்கூடிய இடம் இந்த அளவுக்குக் குறையக் கூடாது. இரண்டு பொத்தான்களுக்கு நடுவே 8 அலகு இடைவெளி விடுவது நல்லது. 'பணம் அனுப்பு' என்பதும் 'ரத்து செய்' என்பதும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் நின்றால், கை நடுங்கும் முதியவர் ஒருவர் எதைத் தொடுவார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எந்தக் கையால் பிடிக்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. ஸ்டீவன் ஹூபர் என்ற நிபுணர் 2013-ல், பொது இடங்களில் போன் வைத்திருந்த 1,333 பேரைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். திரையைத் தொட்டு வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 49 சதவிகிதம் பேர் போனை ஒரே கையால் பிடித்திருந்தார்கள். அதாவது, கட்டை விரல் ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது. கட்டை விரல் சுலபமாகப் போகும் இடம் திரையின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும்தான். அடிக்கடி வேண்டிய பொத்தானை அங்கே வைக்க வேண்டும். 'அழித்துவிடு' போன்ற ஆபத்தான பொத்தானைக் கை தவறிப் படாத மூலையில் வைக்க வேண்டும்.

38 நிமிஷப் பீதி

இடைமுகம் என்பது அழகு விவகாரம் மட்டுமே என்று நினைப்பவர்கள் ஹவாய்த் தீவில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 2018 ஜனவரி 13-ந் தேதி, சனிக்கிழமை காலை 8 மணி 7 நிமிஷத்துக்கு அந்தத் தீவு மக்களின் போன்களில் ஓர் அறிவிப்பு வந்தது. ஏவுகணை வருகிறது, உடனே பத்திரமான இடத்துக்குப் போகவும், இது ஒத்திகை அல்ல என்பது அதன் சாரம். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் உறவினருக்குக் கடைசி வார்த்தை சொல்லப் போன் செய்தார்கள். ஏவுகணை எதுவும் வரவில்லை. தவறு என்ற மறு அறிவிப்பு போன்களுக்கு வர 38 நிமிஷங்கள் ஆயின!

விசாரணையில் வெளியான விவரங்கள் செயலி எழுதும் ஒவ்வொருவருக்கும் பாடம். ஒத்திகைக்காக வந்த செய்தியை ஓர் ஊழியர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார். அவர் முன்னே இருந்த திரை 'அனுப்பலாமா?' என்று கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் அந்தக் கேள்வி ஒரே வாசகமாக இருந்தது. இன்னொருவர் சம்மதித்தால்தான் போகும் என்ற ஏற்பாடு இல்லை. தவறிப் போனால் திருப்பி அறிவிக்கத் தயாராக எழுதிவைத்த வாசகமும் இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதிகள் தெளிவானவை. கேள்வி கேட்டால் என்ன நடக்கப் போகிறது என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். 'நிச்சயமா?' என்று வெறுமனே கேட்டால் பழக்க தோஷத்தில் விரல் 'ஆம்' என்று அழுத்திவிடும். 'ராமனுக்கு 5,000 ரூபாய் அனுப்பவா?' என்று கேட்டால் கண் ஒரு கணம் நிற்கும். அதைவிட மேலானது, செய்ததைத் திரும்பப் பெறும் வழி வைப்பது. ஜிமெயில் கடிதத்தை அனுப்பிய சில விநாடிகளுக்குள் 'வேண்டாம்' என்று நிறுத்தும் வசதி 2015-ல் எல்லோருக்கும் வந்தது. எத்தனை பேரின் மானத்தை அது காப்பாற்றியிருக்கும்!

காத்திருக்கும் பொறுமைக்கும் கணக்கு உண்டு. ஜேகப் நீல்ஸன் என்ற நிபுணர் வகுத்த மூன்று எல்லைகள் இன்றும் செல்லுபடியாகின்றன. பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால், விரல் பட்டவுடனே நடந்ததுபோல் தோன்றும். ஒரு விநாடி வரை மனத்தின் ஓட்டம் அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே நேரம் எடுக்கும் காரியத்தில், வேலை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பாரம் பூர்த்தி செய்துகொண்டிருக்கும்போது யாராவது கூப்பிடலாம். போனைப் படுக்கை வசமாகத் திருப்பலாம். ஆண்ட்ராய்டில் திரையைத் திருப்பினால் அந்தப் பக்கமே அழிந்து புதிதாக எழும்புவது வழக்கம். எழுதியதை அவ்வப்போது பத்திரப்படுத்தாத செயலியில், பாதி நிரப்பிய விண்ணப்பம் காற்றில் கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எழுத்தும் நிறமும்

வெயிலில் நின்று போனைப் பார்ப்பவரை மறந்துவிடக் கூடாது. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைப்பது நாகரிகமாகத் தோன்றலாம். ஆனால் படிக்க முடியாது. சர்வதேச வலைத்தள விதிகளின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தானால் மூன்றுக்கு ஒன்று போதும். நிறத்தால் மட்டும் சேதி சொல்லவும் கூடாது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு நிறம் பிரித்தறிவதில் குறை உண்டு. சிவப்பு, பச்சை இரண்டும் அவர்களில் பலருக்கு ஒன்றுபோலத் தெரியும். 'தவறு', 'சரி' என்ற வார்த்தையும் கூடவே இருக்கட்டும்.

தமிழில் செயலி செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஆங்கிலத்தில் குறுகிய சொல் தமிழில் பெரும்பாலும் நீளும். ஆங்கிலச் சொல்லை அளந்து வெட்டிய பொத்தானில் தமிழ்ச் சொல் வால் அறுந்து தொங்கும். பொத்தான் எழுத்துக்கு ஏற்ப விரிய வேண்டும். திரையில் வரும் வாசகங்கள் எல்லாம் நிரலுக்குள் புதைந்து கிடக்காமல் தனிக் கோப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது, யந்திரம் எழுத்தை எண்ணும் விதம். 'தமிழ்' என்பதில் நாம் காண்பது மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் யந்திரம் எண்ணுவதோ ஐந்து குறி. யந்திரக் கணக்கை நம்பிப் பெயரை நடுவே வெட்டினால், 'கி' என்பது 'க' ஆகி ஆளின் பெயரே மாறிவிடும்!

இத்தனையும் சரிதானா என்று அறிய லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. போன் அளவுக்குக் காகிதம் வெட்டி, திரைகளைப் பென்ஸிலால் வரைந்து, நிரல் எழுதுவதற்கு முன்பே நாலைந்து பேரிடம் கொடுத்து, 'இதில் டிக்கெட் வாங்குங்கள் பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் கவனிக்க வேண்டும். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்ஸன் 2000-ல் எழுதிய யோசனை. விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

மூல நிரலுக்கு ஒரு பேரேடு

இனி கண்ணுக்குத் தெரியாத பக்கம். நல்ல வியாபாரி அன்றாட வரவு செலவை அன்றன்றே நாள்வழியில் எழுதிப் பேரேட்டில் ஏற்றுவான். மூல நிரலுக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. எந்த வரியை, யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்ற சரித்திரம் முழுவதும் அதில் இருக்கும். வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்பலாம். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த மார்க் ராக்கைன்ட் 1972-ல் இப்படி ஒரு கருவியைச் செய்தார். பின்பு பல கருவிகள் வந்தன. இன்று பெரும்பாலோர் உபயோகிப்பது 'கிட்'.

கிட் பிறந்த கதை ரசமானது. பின்லாந்தில் பிறந்த லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கும் மென்பொருள். 2002 முதல் அதன் மூல நிரலைப் 'பிட்கீப்பர்' என்ற தனியார் கருவியில் வைத்திருந்தார்கள். 2005-ல் அதை இலவசமாக உபயோகிக்கும் அனுமதி நின்றுபோயிற்று. டார்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ந் தேதி புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7-ந் தேதி அந்தக் கருவி தன் சொந்த மூல நிரலையே தன்னிடம் பதிவு செய்துகொண்டது! ஜூலையில் அதன் பொறுப்பு ஜூனியோ ஹமானோ என்பவரிடம் வந்தது. கிட் முறையில் வேலை செய்கிற ஒவ்வொருவரிடமும் சாதாரணமாக முழுச் சரித்திரத்தின் பிரதியும் இருக்கும். ஒரு யந்திரம் எரிந்தாலும் சரித்திரம் எரியாது.

பேரேடு இருந்தால் மட்டும் போதாது. எழுதும் முறையும் வேண்டும். முதல் விதி, பதிவு சிறியதாக இருக்க வேண்டும். ஒரு பதிவில் ஒரு காரியம். பொத்தானின் நிறத்தை மாற்றியதும், பணக் கணக்குப் போடும் முறையைத் திருத்தியதும் ஒரே பதிவில் கலந்தால், பின்னால் ஒன்றை மட்டும் திரும்பப் பெற முடியாமல் அவதிப்பட நேரும். இரண்டாவது விதி, குறிப்பு எழுதுவது. 'திருத்தம்' என்று ஒரே வார்த்தையில் எழுதுவது, கணக்கில் 'சில்லறைச் செலவு' என்று ஆயிரம் ரூபாய் எழுதுவதற்குச் சமம். என்ன மாறியது என்பதை நிரலே காட்டும். ஏன் மாறியது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

சிறு பதிவுகளுக்கு ஒரு பெரிய பலன் உண்டு. நேற்றுவரை ஓடிய செயலி இன்று ஓடவில்லை. நடுவே 1,000 பதிவுகள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி எது? கிட் கருவி பாதிவழிப் பதிவை எடுத்துக் கொடுத்துச் 'சோதித்துப் பார்' என்கிறது. அது ஓடினால் குற்றம் பின்பாதியில்; ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சுமார் பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். பிடிபட்ட பதிவு பத்து வரியாக இருந்தால் உடனே திருத்தலாம். பத்தாயிரம் வரியாக இருந்தால் தேடல் மறுபடியும் முதலிலிருந்துதான்.

ஒரு வரி செய்த வினை

புதிய வேலையை முக்கிய நிரலில் நேராகச் செய்யாமல், தனிக் கிளையில் செய்து முடித்து, இன்னொருவர் பார்த்துச் சம்மதித்த பிறகே இணைக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. இது வீண் சம்பிரதாயம் அல்ல. 2014 பிப்ரவரி 21-ந் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபோனுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. காரணம், மூல நிரலில் ஒரே ஒரு வரி இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. 'தவறு இருந்தால் வெளியேறு' என்பது அதன் கருத்து. முதல் வரி நிபந்தனையோடு கட்டுப்பட்டது. அதே வரி மறுபடி வந்தபோது அதற்கு நிபந்தனை இல்லை. ஆகவே யந்திரம் எப்போதும் அந்த இடத்திலேயே வெளியேறி, எதிரே இருப்பவரின் கையெழுத்தைச் சோதிக்காமலே 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டது! ரகசியமாகப் போக வேண்டிய பாங்கு விவரங்களை, அதே இணைப்பில் ஒளிந்திருக்கும் எத்தன் ஒருவன் இடையிலே படிக்க வழி பிறந்தது. இத்தகைய வரியைக் கண்டுபிடிக்க இரண்டாவது ஜோடிக் கண்கள் வேண்டும். போலிக் கையெழுத்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும்.

சாவி ஜாக்கிரதை!

நான்காவது விதி, பேரேட்டுக்குள் பெட்டிச் சாவியை வைக்காதிருத்தல். செயலி வேறு யந்திரங்களுடன் பேசுவதற்கு ரகசியச் சொற்கள் தேவைப்படும். அவற்றை நிரலிலேயே எழுதிப் பதிவு செய்வது சௌகரியம்தான், ஆனால் விபரீதம். 2016-ல் ஊபர் கம்பெனிப் பொறியாளர்களின் தனிப்பட்ட நிரல் களஞ்சியத்துக்குள் புகுந்த திருடர்கள், அங்கே கிடைத்த சாவிகளைக் கொண்டு 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களைக் கவர்ந்தார்கள். கம்பெனி அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மூடிவைத்தது. 2017 நவம்பரில்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரியாமல் சாவியைப் பதிவு செய்துவிட்டால், அடுத்த பதிவில் அழித்துவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. சரித்திரத்தில் அது இருந்துகொண்டே இருக்கும். உடனே பூட்டையே மாற்றிவிட வேண்டும். எந்தக் கோப்புக்களைப் பேரேட்டில் சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே கிட்டிடம் பட்டியல் கொடுத்துவிடுவது உத்தமம்.

ஆண்ட்ராய்டு செயலிக்கு இன்னொரு சாவியும் உண்டு. செயலியை வெளியிடும்போது இடும் ரகசிய முத்திரை அது. அடுத்த பதிப்பிலும் அதே முத்திரை இருந்தால்தான் போன் அதைப் பழைய செயலியின் புதுப்பிப்பாக ஏற்றுக்கொள்ளும். அது தொலைந்ததால் சொந்தச் செயலியையே புதுப்பிக்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டு முதல் கூகிள் கடையில் சேரும் புதிய செயலிகளின் முத்திரையைக் கூகிளே காத்துவைக்கும் முறை வந்திருக்கிறது. கடைக்கு வெளியே விநியோகிப்பவர்கள் தங்கள் முத்திரையைத் தாங்களேதான் பத்திரமாகக் காக்க வேண்டும்.

ஐந்தாவது விதி, வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி. 1998-ல் பிக்ஸார் சினிமாக் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த தவறான கட்டளை படத்தின் கோப்புக்களை அழிக்கத் தொடங்கியது. காப்புப் பிரதிகளைத் தேடினால் அவையும் சரியாக இல்லை. காலின் ஸஸ்மன் என்ற பெண்மணி, குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு பிரதியைத் தம் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது, 1999-ல் வெளிவந்தது. எடுத்துவைத்த பிரதியிலிருந்து திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று ஒரு நாளாவது சோதித்துப் பார்த்திராதவர், பிரதி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வெளியிடும் நாள்

வலைத்தளத்தில் பிழை இருந்தால் உடனே திருத்திவிடலாம். செயலியோ மக்களின் போனுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அவர்கள் புதிய பதிப்பை வாங்கும்வரை பழைய பிழையும் அங்கேயே இருக்கும். ஆகவே வெளியிடும் ஒவ்வொரு பதிப்பையும் கிட்டில் எண் இட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஒருவர் குறை சொல்லும்போது, அவர் போனில் உள்ள அதே நிரலை எடுத்துப் பார்க்க அது உதவும்.

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுப்பது இன்னும் புத்திசாலித்தனம். ஆப்பிள் கடையில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் போன்களுக்கு ஏழு நாளில் படிப்படியாகக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. முதல் நாள் நூற்றுக்கு ஒருவர், அடுத்து 2, 5, 10, 20, 50 என்று உயர்ந்து, ஏழாம் நாள் நூறும் நிறையும். நடுவே கோளாறு தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கூகிள் கடையிலும் இதுபோன்ற வசதி இருக்கிறது. சமையலை ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டுப் பந்தியில் பரிமாறுவதுபோலத்தான் இது.

இந்த முறைகளுக்கெல்லாம் பெரிய மூலதனம் தேவையில்லை. கிட் இலவசம். காகிதமும் பென்ஸிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும். வேண்டியது பொறுமையும் ஒழுங்கும்தான். செயலி எழுதத் தொடங்கும் இளைஞர்கள் முதல் வரி நிரலை எழுதுகிற அன்றே பேரேட்டையும் திறந்துவிட வேண்டும். முதல் திரை தயாரான அன்றே வீட்டில் உள்ள முதியவர் ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தயக்கம் நீங்கும்வரை செயலி கடைக்குப் போக அவசரம் இல்லை.